நான்கு வயதுக் குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி: "இப்போதைக்கு மருந்து வேண்டாம்" என்றால் என்ன அர்த்தம்?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். நான்கு வயது மகள். ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் பார்த்தபோது அம்மாவுக்கும் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தும் குழந்தைக்குப் பாசிட்டிவ்தான். அவளோ நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடியாடுகிறாள். எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் பரிசோதனையில் 21, ரத்தத்தில் வைரஸ் அளவு கோடிக்கணக்கில். டாக்டர் "இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டி வாருங்கள்" என்கிறார். "உடம்பில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும்போது எப்படிச் சும்மா விடுவது? ஒரேயடியாகக் குணப்படுத்த மருந்தே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், மனைவி இப்போது ஐந்து மாதக் கர்ப்பம் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்.

இதற்கெல்லாம் அடியில் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. டாக்டர் என் குழந்தையைக் கைகழுவிவிட்டாரா என்பதுதான் அது. பல வருடங்களாகக் குழந்தைகளின் கல்லீரல் நோய்களை மட்டுமே பார்த்துவருகிறேன். இதே கேள்வியை எத்தனையோ பெற்றோர் முகத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னது சரியான ஆலோசனை. ஆனால் ஏன் சரி என்பதை அவர் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். அதை நான் இங்கே முயல்கிறேன். மனைவியைப் பற்றிய அந்தக் கடைசி வரிதான் இன்றைய நிலையில் எல்லாவற்றிலும் அவசரமானது. அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், படிக்காமல் போய்விடாதீர்கள்.

இந்த வைரஸைப் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். ஹெபடைடிஸ் பி வைரஸ் பெரும்பாலும் கல்லீரல் செல்களைத் தானே கொல்வதில்லை. அது உள்ளே குடியிருந்துகொண்டு பெருகுகிறது. அந்தச் செல்களைத் தாக்குவது நம்முடைய எதிர்ப்புச் சக்திதான். பெரியவர்களுக்குத் தொற்றினால் எதிர்ப்புச் சக்தி உடனே விழித்துக்கொண்டு சண்டை போடும். மஞ்சள் காமாலை வரலாம், சில வாரம் படுத்துக் கிடக்கலாம். ஆனால் 100 பேரில் 95 பேருக்கு மேல் வைரஸை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது அம்மாவிடமிருந்து தொற்றினால் கதை தலைகீழ். பச்சைக் குழந்தையின் எதிர்ப்புச் சக்திக்கு அது அந்நியன் என்றே தெரிவதில்லை. அதனால் தடுப்பு எதுவும் கொடுக்காவிட்டால் 10 குழந்தைகளில் 9 பேருக்குத் தொற்று நிலைத்துவிடுகிறது. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நிலைக்கும். உங்கள் மகளுக்கு அநேகமாகப் பிரசவ நேரத்தில் வந்திருக்கும். தன்னிடம் இருப்பதே தெரியாத ஒரு தாயை யாரும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தால் தயவுசெய்து நீங்களே நிறுத்துங்கள்.

கோடிக்கணக்கில் வைரஸ், ஆனால் எஸ்.ஜி.பி.டி. 21 என்பதற்கு என்ன பொருள் என்று இப்போது பாருங்கள். சண்டை இன்னும் தொடங்கவில்லை என்பதே பொருள். எஸ்.ஜி.பி.டி. என்பதும் ஏ.எல்.டி. என்பதும் ஒன்றுதான். கல்லீரல் செல் உடையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு நொதி. அது ஏறவில்லையென்றால் செல்கள் பெரிதாக உடையவில்லை. இந்தக் கட்டத்தில் எச்.பி.இ.ஏ.ஜி. என்ற வைரஸ் புரதத்தைத் தேடும் இன்னொரு சோதனையும் பாசிட்டிவாக இருக்கும். உங்கள் கேள்வியில் அந்த முடிவு இல்லை. வைரஸ் அளவைப் பார்த்தால் பாசிட்டிவாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் ஃபைலில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வருடங்களோ, பத்து இருபது வருடங்களோ கழித்து எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும். அப்போது எஸ்.ஜி.பி.டி. ஏறும், வைரஸ் அளவு இறங்கத் தொடங்கும். நல்லபடியாக நடந்தால் எச்.பி.இ.ஏ.ஜி. மறைந்து, அதற்கான எதிர்ப்பொருள் உருவாகி, வைரஸ் அடங்கிக் கிடக்கும். மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளில் வருடத்துக்கு 100 பேரில் நான்கைந்து பேருக்கு இந்த மாற்றம் மருந்தே இல்லாமல் நடக்கிறது. சண்டை முடியாமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால்தான் கல்லீரலில் தழும்பு விழுந்து, சுருக்க நோய் வரை போகும்.

சிகிச்சை கொடுக்க வேண்டிய நேரம் அந்தச் சண்டை தொடங்கும் நேரம். அதைத் தவறவிடாமல் பிடிப்பதற்குத்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறோம். ஒரு அப்பா என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் வருவார். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேலால் கோடு போட்டு, தேதி, எடை, எஸ்.ஜி.பி.டி., வைரஸ் அளவு என்று எழுதியிருப்பார். மூன்று வருடம் 19, 22, 20 என்று போய்க்கொண்டிருந்தது. அப்புறம் 29. அடுத்த முறை 38. லேப் ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் நட்சத்திரக் குறி இல்லை, ஏனென்றால் அந்த லேப் 40 வரை நார்மல் என்று அச்சிட்டிருந்தது. அவர்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "நார்மல்னுதான் போட்டிருக்கு, ஆனா ஏறுதே டாக்டர்" என்றார். அவர் சொன்னது சரி. பெரும்பாலான லேப்கள் பெரியவர்களுக்கான எல்லையையே குழந்தைகளுக்கும் போடுகின்றன. நோயில்லாத குழந்தைகளைப் பார்த்தால், சிறுமிகளுக்கு 22, சிறுவர்களுக்கு 26 என்பதே மேல் எல்லை என்று இந்தத் துறையில் பலரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஆகவே உங்கள் மகளின் 21 நார்மல்தான், ஆனால் எல்லையை ஒட்டிய நார்மல். நீங்களும் ஒரு நோட்டுப் போடுங்கள். வெறும் "நார்மல்" என்று எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள்.

எண் ஏறிய உடனே மருந்து தொடங்குவதில்லை. எச்.பி.இ.ஏ.ஜி. தானே மறையப் போவதற்கு முன்னாலும் இப்படி ஒரு ஏற்றம் வரும். அந்த நேரத்தில் அவசரப்பட்டால், உடம்பு தானாகச் செய்திருக்கக்கூடிய வேலைக்கு மருந்து கொடுத்ததாகிவிடும். வழக்கமாக, எல்லையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் குறைந்தது ஆறு மாதம் நிற்கிறதா என்று பார்ப்போம். அந்த நாட்களில் மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ரத்தம் எடுப்போம். எஸ்.ஜி.பி.டி. மிக வேகமாக ஏறினாலோ, கண் மஞ்சளானாலோ, ரத்தம் உறையும் நேரம் நீண்டாலோ காத்திருப்பு கிடையாது, உடனே மருந்துதான்.

சரி, மருந்து இருக்கும்போது இப்போதே கொடுத்தால் என்ன? இது நியாயமான கேள்வி. இதற்கு ஆய்வில் கிடைத்த பதில் ஏமாற்றமானது. அமெரிக்காவிலும் கனடாவிலும் உங்கள் மகளின் கட்டத்தில் இருந்த 60 குழந்தைகளுக்கு என்டெகவிர், பெகிண்டர்ஃபெரான் என்ற இரண்டு வலுவான மருந்துகளையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வெளியானது. எதிர்பார்த்த பலன் நிலைத்தது இரண்டே குழந்தைகளுக்கு. மருந்து நின்றதும் மற்றவர்களுக்கு வைரஸ் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. எதிர்ப்புச் சக்தி தூங்கும்போது மருந்துக்குத் துணை இல்லை. அதோடு இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டி.என்.ஏ.வை ஒரு வளையமாக வைத்துக்கொள்கிறது. இன்று நம்மிடம் இருக்கும் மாத்திரைகள் புதிய வைரஸ் உருவாவதைத் தடுக்கும், ஆனால் அந்த வளையத்தை அழிக்காது. ஆகவே இப்போது தொடங்கினால் எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. நான்கு வயதில் தொடங்கி எத்தனையோ வருடம் தினமும் விழுங்க வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் எதிர்பாராத நேரத்தில் கல்லீரல் அழற்சி கிளம்பலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமைதியாகத் தெரியும் இந்தக் கட்டத்திலும் வைரஸின் டி.என்.ஏ. துண்டுகள் நம் செல்லின் மரபணுவுக்குள் போய்ச் செருகிக்கொள்கின்றன, அது பின்னாளில் புற்றுநோய்க்கு விதையாகலாம், ஆகவே முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதம் பொருளற்றதல்ல. ஆனால் சிறு குழந்தைக்கு முன்கூட்டி மருந்து கொடுத்தால் பிற்காலப் புற்றுநோய் குறையும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024இல் சிகிச்சை விதிகளை நிறையத் தளர்த்தியது. அதிலும் அந்தத் தளர்வு பெரியவர்களுக்கும் 12 வயது நிறைந்தவர்களுக்கும்தான். வருங்காலத்தில் இந்தக் கோடு இன்னும் கீழே வரலாம் என்பது என் எண்ணம். வந்தால் நானும் மாற்றிக்கொள்வேன். அதுவரை உங்கள் மகளின் எண்களுக்குக் கண்காணிப்பே சரி என்பதுதான் என் முடிவு.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோயோ சுருக்க நோயோ இருந்தால் எஸ்.ஜி.பி.டி. லேசாக ஏறினாலும் நாங்கள் சீக்கிரம் யோசிப்போம். அம்மா வழித் தாத்தா பாட்டியை விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள், நிறையப் பேர் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். குழந்தைக்கு ஏற்கெனவே தழும்பு இருந்தாலோ, சிறுநீரில் புரதம் போகும் அளவுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ, ஹெபடைடிஸ் டி, எச்.ஐ.வி. போன்ற வேறு தொற்று சேர்ந்திருந்தாலோ கணக்கே வேறு. இன்னொன்று மிக முக்கியம். எப்போதாவது வேறு நோய்க்காக நீண்ட நாள் ஸ்டீராய்டோ, கீமோதெரபியோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ கொடுக்க வேண்டி வந்தால், அதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி மருந்து தொடங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடங்கிக் கிடந்த வைரஸ் பேயாட்டம் போடும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லிவிடுங்கள்.

நேரம் வந்தால் என்ன மருந்து? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பெகிண்டர்ஃபெரான் ஊசி. மூன்று வயதுக்கு மேல் கொடுக்கலாம், வாரம் ஒன்று, 48 வாரம். இதன் நல்ல பக்கம், முடியும் தேதி தெரிந்த சிகிச்சை என்பது. எஸ்.ஜி.பி.டி. ஏறிய குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.பி.இ.ஏ.ஜி. மறைகிறது, இன்னும் சிறிய பங்கினருக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்பதே நெகட்டிவ் ஆகிறது. கடினமான பக்கமும் உண்டு. ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல், உடம்பு வலி வரும். முதல் சில வாரங்களில் பெற்றோர் மனம் உடைவதைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் பழகிவிடும். வெள்ளணுக்கள் குறையும், பசி குறையும், குழந்தை எரிச்சலாக இருக்கும், உயரம் ஏறுவது சில மாதம் தள்ளிப்போகும். சுருக்க நோய் முற்றிய குழந்தைக்கும், தன்னுடலையே தாக்கும் எதிர்ப்புச் சக்தி நோய் உள்ள குழந்தைக்கும் இதைக் கொடுக்கக் கூடாது.

இன்னொரு வழி தினசரி வாய்வழி மருந்து. இரண்டு வயது முதல் என்டெகவிர் கொடுக்கலாம், எடைக்கு ஏற்ற அளவில் சிரப்பாகவும் கிடைக்கும். இதை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், கொடுத்த பிறகும் இரண்டு மணி நேரம் சாப்பிடக் கூடாது. நாள் முழுக்க எதையாவது கொறித்துக்கொண்டிருக்கும் வயதில் இது எவ்வளவு கஷ்டம் என்று கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாலில் கலந்து ஏமாற்றிக் கொடுக்கவும் கூடாது. எனக்குத் தெரிந்து நன்றாக நடக்கும் வீடுகளில் மாலையிலேயே சாப்பாட்டை முடித்து, பல் தேய்த்து, தூங்கும் முன் கடைசி வேலையாக மருந்து என்று வைத்துவிடுகிறார்கள். டெனோஃபோவிர் இன்னொரு நல்ல மருந்து. இரண்டு வயது நிறைந்து எடை பத்து கிலோவாவது இருந்தால் கொடுக்கலாம், எலும்பின் அடர்த்தியையும் சிறுநீரகத்தையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் புதிய வடிவமான டெனோஃபோவிர் அலாஃபெனமைடு எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் இதமானது, ஆனால் அதற்கு வயதும் எடையும் இன்னும் கூடுதலாக வேண்டும். லாமிவுடின் என்ற பழைய மருந்தை யாராவது தனியாக எழுதிக் கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். சில வருடங்களிலேயே வைரஸ் அதற்குப் பழகி எதிர்ப்புப் பெற்றுவிடுகிறது. அப்புறம் என்டெகவிரும் பாதி பலம் இழந்துவிடும்.

ஒரேயடியாகக் குணமாகுமா என்று கேட்டீர்கள். அந்த உட்கரு வளையத்தை முழுதாகத் துடைத்தெடுக்கும் மருந்து இன்று கிடையாது. இருப்பதாக யார் விற்றாலும் நம்பாதீர்கள். வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத நிலைக்கு இறங்குவது மருந்தில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கும். ஹெபடைடிஸ் பி நெகட்டிவ் ஆவது சிலருக்குக் கிடைக்கும். மருந்தே இல்லாமல் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ தானே நடக்கும். பெரியவர்களிடம் புதிய வகை மருந்துகளின் சோதனைகள் நடக்கின்றன. உங்கள் மகளுக்கு இப்போதுதான் நான்கு வயது. நல்ல கல்லீரலோடு அவள் அந்த மருந்துகள் வரும் காலத்துக்குப் போய்ச் சேர வேண்டும், என் கவலையெல்லாம் அதுதான்.

கீழாநெல்லி கொடுக்கலாமா என்று இந்நேரம் யாராவது கேட்டிருப்பார்கள். 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட பலருக்கு ஹெபடைடிஸ் பி நெகட்டிவ் ஆனதாக அது சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு வேறு இடங்களில் முறையாகச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அம்மாவிடமிருந்து தொற்றிய குழந்தைக்கு அதை நம்பிப் பரிசோதனையை நிறுத்துவதுதான் எனக்குப் பயம். என்னவென்று தெரியாத கூட்டு மூலிகைப் பொடிகளால் கல்லீரல் கெட்டு வந்த குழந்தைகளையும் பார்த்திருக்கிறேன், அவற்றை அறவே தவிருங்கள்.

வீட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, முத்தம் கொடுப்பதாலோ, கூட விளையாடுவதாலோ பரவாது. ரத்தத்தில்தான் கவனம் வேண்டும். பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி தனியாக இருக்கட்டும். காயத்தை மூடி வையுங்கள். காய்ந்த ரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் உயிரோடு இருக்கும், அதனால் ப்ளீச் போட்டுத் துடையுங்கள். உங்களுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போடுங்கள். ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோய் அறிகுறியைத் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள். குழந்தைப் பருவத்தில் கல்லீரல் புற்றுநோய் மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

இனி அந்தக் கடைசி வரி. உங்கள் மகளுக்கு நடந்தது பிறக்கப்போகும் குழந்தைக்கு நடக்காமல் தடுக்க முடியும், ஏறத்தாழ முழுமையாகவே. அதற்கான நேரம் உங்கள் கையில் இருக்கிறது. இந்த வாரமே மனைவிக்கு வைரஸ் டி.என்.ஏ. அளவு பாருங்கள். ஒரு மில்லிக்கு 2 லட்சம் ஐ.யூ.வுக்கு மேல் இருந்தால் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்க வேண்டும். 28ஆவது வாரத்தில் தொடங்குவது வழக்கம், உலக சுகாதார நிறுவனம் இப்போது அதற்கு முன்பும் தொடங்கலாம் என்கிறது. கர்ப்பத்தில் நெடுநாளாகக் கொடுத்துப் பாதுகாப்பு தெரிந்த மருந்து அது. தாயின் வைரஸ் அளவு மிக அதிகமாக இருக்கும்போதுதான் தடுப்பூசியையும் மீறிக் குழந்தைக்குத் தொற்றுகிறது. இந்த மாத்திரை அந்த ஓட்டையை அடைக்கிறது. அதை நிறுத்தியதும் தாயின் எஸ்.ஜி.பி.டி. ஏறக்கூடும் என்பதால் பிரசவத்துக்குப் பிறகு சில மாதம் அவருக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கைக்குழந்தையைப் பார்க்கிற மும்முரத்தில் எல்லோரும் மறப்பது இதைத்தான்.

குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மற்றத் தொடையில் இம்யூனோகுளோபுலின் (இந்த வைரஸுக்கு எதிரான தயார் எதிர்ப்பொருள்) ஊசி, இரண்டும் முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். தடுப்பூசி 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அப்புறம் மீதித் தவணைகள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்பது மாதம் நிறைந்த பிறகு, தவணைகளெல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து, குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா, எதிர்ப்பொருள் வந்திருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே பார்த்தால் முடிவு குழப்பும்.

இம்யூனோகுளோபுலின் எல்லா ஆஸ்பத்திரியிலும் எப்போதும் கையிருப்பில் இருக்காது. பிரசவம் நள்ளிரவில் நடந்தால் அந்த நேரத்தில் தேடி அலைய முடியாது. எட்டாம் மாதத்திலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். மனைவியின் ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டை நகலெடுத்து, அதன் மேல் பெரிய எழுத்தில் "குழந்தைக்கு இரண்டு ஊசி, பிறந்த உடனே" என்று எழுதி, பிரசவத்துக்கு எடுத்துப் போகும் பையில் துணிகளுக்கு மேலே வையுங்கள். யார் டியூட்டியில் இருக்கிறார்களோ அவர் கையில் நீங்களே கொடுங்கள்.